சுப்பாராவ் தந்த சாவி

குழந்தைகளே, வயல் வரப்பில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறீர்களா? முத்துப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன விஷயம். ஓடும்போது காலில் கருவேல முள் குத்திவிடும். பாட்டி ஊக்கு எடுத்து முள்ளைத் தோண்டி எடுத்துவிடுவார். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். விண்விண்ணென்று வலிக்கும்.

முள்தான் போய்விட்டதே! அப்புறம் ஏன் வீங்குகிறது?

நம் உடம்பேதான் அப்படி வீங்க வைக்கிறது. முள்ளோடு சேர்ந்து உள்ளே நுழைந்த கிருமிகளைப் பிடிக்க ரத்தத்தின் வெள்ளையணுக்கள் அங்கே கூட்டமாக வருகின்றன. அவை வருவதற்கு வசதியாக ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. அதனால்தான் சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம். இதற்கு அழற்சி என்று பெயர்.

சரி, காலில் முள் குத்தியது வெள்ளையணுவுக்கு எப்படித் தெரிந்தது? யார் போய்ச் சொன்னது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் நாம் ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர் சென்னையில் படித்தவர். வறுமையில் வளர்ந்தவர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இரவுக் கூலி வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். அவர் பெயர் எல்லப்ரகட சுப்பாராவ்.

ஆந்திராவில் கோதாவரிக் கரைச் சீமையில் பீமவரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் தஞ்சாவூர் மாதிரியே அதுவும் நெல் விளையும் பூமி. அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். அப்பா ஜகந்நாதம், அம்மா வேங்கம்மா. வீட்டில் குழந்தைகள் நிறைய, வருமானம் குறைவு.

சுப்பாராவுக்குப் படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசைதான் அதிகம். பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போனான். எங்கே தெரியுமா? காசிக்கு! அங்கே வரும் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று திட்டம். பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா காலமான பிறகு குடும்பம் இன்னும் கஷ்டத்தில் விழுந்தது. அம்மா விடவில்லை, பையனைப் படிக்க வைத்தே தீருவது என்று நின்றார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். இரண்டு தடவை பெயிலாகிவிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே படித்த காலத்தில் அவருக்குத் துறவி ஆகிவிடும் எண்ணம் வந்தது. ராமகிருஷ்ண மடத்துக்குப் போக ஆரம்பித்தார். அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்று மடத்தில் யோசனை சொன்னார்கள். அப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

அது காந்திஜியின் காலம். அன்னியத் துணியை விடுங்கள் என்ற குரல் நாடு முழுவதும் கேட்டது. சுப்பாராவ் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சை அறைக்குள்ளும் கதர் அங்கியோடு போய் நின்றார்! ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அரசாங்க மருத்துவ வேலையும் கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி என்பவரின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தார். அந்த லட்சுமிபதிதான் முன்பு சுப்பாராவை ஒரு கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றியவர்.

அந்த வயிற்று நோய் அவர் வீட்டில் பெரிய கொடுமை செய்திருந்தது. ஸ்ப்ரூ என்று அதற்குப் பெயர். குடலின் உட்புறம் அழற்சியால் கெட்டுப்போகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றி ஆள் துரும்பாகிவிடுவான். சுப்பாராவின் அண்ணனும் தம்பியும் இந்த நோயால் எட்டே நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். டாக்டருக்குப் படித்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏனென்றால் அந்த நோய்க்கு அப்போது உலகத்தில் எங்கேயும் மருந்து இல்லை.

மருந்து இல்லையென்றால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே? அதற்குத்தான் அவர் அமெரிக்கா போக முடிவு செய்தார். மாமனார் பணம் திரட்டிக் கொடுத்தார். காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும் உதவ முன்வந்தது. மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பமாக இருந்தார். மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்போடு 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பல் ஏறினார்.

அவர் திரும்பி வரவே இல்லை. அவருக்குப் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனது. அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய பட்டயப் படிப்பில் சேர்ந்தார். கையில் காசு இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை கிடைத்தது. என்ன வேலை என்கிறீர்களா? நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் வேலை. ஊரில் டாக்டர், அங்கே கூலி ஆள். அதை அவர் கேவலமாக நினைத்ததாகத் தெரியவில்லை. பகலில் படிப்பு, இரவில் வேலை, எப்போது தூங்கினாரோ!

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரோடு அவர் ஆராய்ச்சி செய்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சுலபமாக அளக்க ஒரு வழி வேண்டும். இருவரும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்து 1925-இல் வெளியிட்டார்கள். சில ரசாயனங்களைச் சேர்த்தால் திரவம் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் நம் ஊர்க் கல்லூரிகளில்கூட மாணவர்கள் இதைக் கற்கிறார்கள். வேதியியல் படிக்கும் அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அளக்கும் கோல் கையில் வந்ததும் சுப்பாராவ் சும்மா இருக்கவில்லை. தசையை ஆராய்ந்தார். 1927-இல் தசைக்குள் பாஸ்போ கிரியேட்டின் என்ற பொருள் இருப்பதை இருவரும் அறிவித்தார்கள். 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். தசை எதனால் சுருங்குகிறது என்பதற்கு அதுவரை சொல்லப்பட்ட விளக்கத்துக்காக இரண்டு விஞ்ஞானிகள் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே வாங்கியிருந்தார்கள். அந்த விளக்கத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ஏ.டி.பி. என்றால் என்ன? அடினோசின் என்ற பொருளின் வாலில் வரிசையாக மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருக்கும். உங்கள் வகுப்பில் இதை உடம்பின் சக்தி நாணயம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது சரிதான். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள நாம் மறுபடி காவிரிக்கு வர வேண்டும்.

மேட்டூர் அணையைத் திறந்தால் தண்ணீர் நேராக முத்துப்பேட்டை வயலுக்கு வந்துவிடுமா? வராது. முதலில் கல்லணைக்கு வர வேண்டும். அங்கே வெண்ணாற்றின் ஷட்டரைத் தூக்க வேண்டும். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. அங்கேதான் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கும் ஷட்டர். அதற்குக் கீழே வாய்க்கால்களின் மதகுகள். கடைசியில் வயலின் மடை. ஒவ்வொரு மதகையும் திறந்து மூட லஸ்கர் என்ற பணியாளர் இருப்பார். மேலே ஒரு ஷட்டரைத் தூக்கினால் கீழே நூற்றுக்கணக்கான மடைகளில் தண்ணீர் பாயும்.

நம் செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். முள் குத்திய இடத்தில் கிருமி வந்ததும் வெள்ளையணுவின் வெளிச்சுவரில் உள்ள ஒரு புரதம் அதைத் தொட்டு உணர்கிறது. அது மேட்டூர். உடனே உள்ளே இருக்கும் லஸ்கர்கள் வேலையைத் தொடங்குவார்கள். இந்த லஸ்கர்களுக்குக் கைனேஸ் என்று பெயர். இவை ஒரு வகை நொதிகள், அதாவது என்சைம்கள். மதகைத் திறக்கச் சாவி வேண்டுமே! அந்தச் சாவிதான் பாஸ்பேட். கைனேஸ் என்ன செய்யும் தெரியுமா? ஏ.டி.பி.யின் வால் நுனியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டியதும் அது விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் அதுவும் ஒரு கைனேஸாகவே இருக்கும். அது அடுத்ததை எழுப்பும். இப்படி ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, செய்தி செல்லின் நடுவில் உள்ள உட்கருவுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து உத்தரவு பிறக்கும். சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்கள் தயாராகி ரத்தத்தில் கலந்து, இங்கே வாருங்கள் என்று மற்ற வெள்ளையணுக்களை அழைக்கும். உங்கள் கால் வீங்கிவிடும்!

மனித உடம்பில் இப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. ஷட்டரை இறக்கும் லஸ்கர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாஸ்பட்டேஸ் என்று பெயர். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடுவது அவர்கள் வேலை. கிருமி ஒழிந்ததும் இவர்கள் மதகை மூடிவிடுவார்கள், வீக்கம் வடியும்.

கடைமடைக்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தண்ணீர் வராவிட்டாலும் பயிர் போச்சு, வந்த தண்ணீர் வடியாவிட்டாலும் பயிர் போச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும் அல்லவா? அழற்சியும் அப்படித்தான். வராவிட்டால் கிருமி ஜெயித்துவிடும். வடியாமல் நின்றுவிட்டால் நம் உடம்பையே அரித்துவிடும். பாட்டிமார்களின் விரல் மூட்டுகளைக் கோணலாக்கும் முடக்குவாதம் அப்படி வடியாத அழற்சிதான்.

பாஸ்பேட்டை ஒட்டியும் கழற்றியும் நொதிகளை இயக்கலாம் என்பதை 1950-களில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் பிஷர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1992-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாவியை வைத்திருந்த ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான சுப்பாராவுக்கு அப்படிப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அவர் அதற்கு ரொம்ப நாள் முன்பே இறந்துவிட்டார். இருந்த காலத்திலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. செய்த வேலைக்குரிய பெயரும் முழுசாகக் கிடைக்கவில்லை. கிடைக்காததற்காக அவர் சண்டை போட்டவரும் இல்லை. கொஞ்சம் போட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

1940-இல் அவர் ஹார்வர்டை விட்டு லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். அங்கேதான் அண்ணன், தம்பியின் கணக்கை அவர் தீர்த்தார். கீரையிலும் ஈரலிலும் மிகச் சிறிய அளவில் இருக்கும் போலிக் அமிலம் என்ற வைட்டமினை 1945-இல் அவருடைய குழு ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது வற்றிய ரத்தம் ஊறியது. இரண்டு உயிர்களை எட்டு நாளில் கொண்டுபோன நோய்க்கு மருந்து வந்துவிட்டது, சுமார் இருபத்தைந்து வருடம் தாமதமாக.

போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் தந்து, செல்லை ஏமாற்றும் போலிகளையும் அந்தக் குழு தயாரித்தது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியது. நோய் திரும்பிவிட்டது உண்மைதான். ஆனாலும் ரத்தப் புற்றை மருந்தால் அடக்கலாம் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே குடும்பத்தில் வந்த இன்னொரு மருந்து மெதோட்ரெக்சேட். இதை வாரம் ஒருமுறை, மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குக் கொடுக்கிறார்கள். இது உடம்பில் அடினோசினை அதிகமாக்கி, வெள்ளையணுக்களைக் கொஞ்சம் அமைதியாக இருங்கள் என்று அடக்குவதாகக் கண்டிருக்கிறார்கள். எந்த அடினோசின்? ஏ.டி.பி.யின் தலையில் இருக்கிறதே, அதேதான்! 2012-இல் முடக்குவாதத்துக்கு வந்த இன்னொரு மருந்து, கைனேஸில் ஏ.டி.பி. உட்காரும் குழியில் போய்த் தான் உட்கார்ந்துகொள்ளும். லஸ்கர் கையில் சாவியே கிடைக்காது.

இப்போது முத்துப்பேட்டைக்குத் திரும்புவோம். உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் யானைக்கால் நோய் மிக அதிகம். கும்பகோணம் என்றாலே கொசுவும் யானைக்காலும் நினைவுக்கு வரும் என்ற நிலை இருந்தது. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது நூல் போன்ற புழுவின் குஞ்சுகள் உடம்புக்குள் போகின்றன. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். அங்கே அழற்சி வரும், போகும், மறுபடி வரும். வருடக்கணக்கில் இப்படி நடந்து குழாய் கெட்டு, கால் தூண் மாதிரி பருத்துவிடும். அந்தக் காலோடு நடவுக்கும் களையெடுக்கவும் போனவர்கள் எத்தனையோ பேர். பெண்களாக இருந்தால் கல்யாணம்கூட நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இந்த நோய் வந்தது. சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடம் நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்தது. 1947-இல் ஒன்று தேறியது. அதுதான் ஹெட்ரசான். நம் ஊரில் டி.இ.சி. மாத்திரை என்பார்கள். ரத்தத்தில் நீந்தும் குஞ்சுகளை அது ஒழித்துவிடும். எப்படி என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அழற்சியை உண்டாக்கும் சில நொதிகளின் பாதையில் குறுக்கிட்டு, நம் வெள்ளையணுக்கள் குஞ்சுகளைப் பிடிக்க வழி செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரை போட்டவர்கள் சிலருக்கு அன்று காய்ச்சலும் தலைவலியும் வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து பலர் மறுபடி வாங்க மாட்டார்கள். உண்மையில் செத்த குஞ்சுகளைப் பார்த்து உடம்பின் மதகுகள் திறப்பதால் வரும் காய்ச்சல் அது. உள்ளே புழு இருந்தவர்களுக்குத்தான் அது அதிகமாக வரும்!

இந்தியாவில் 1955-இல் யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கியது. குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவும். அதனால் சுகாதார ஊழியர்கள் ஊர் தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். தூக்கம் கெட்டதற்குத் திட்டு வாங்காத ஊழியர் இருந்திருக்க மாட்டார். பிறகு காவிரி மாவட்டங்கள் உட்பட நோய் இருந்த இடங்களில், வீடு வீடாக எல்லோருக்கும் வருடம் ஒருமுறை மாத்திரை கொடுக்கும் வழக்கம் வந்தது. ஏற்கெனவே பருத்த காலை அது பழையபடி ஆக்காது. அதைத் தினமும் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பேரன் பேத்திகளின் கால்கள் தப்பித்தன.

சுப்பாராவ் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட உற்சாகமான மனிதர் அவர். 1946-இல் அமெரிக்கச் சட்டம் மாறி, இந்தியர்களும் குடியுரிமை பெறலாம் என்று ஆனது. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இந்தியராகவே இருந்தார். சேஷகிரி அம்மாள் ஊரில் காத்துக்கொண்டே இருந்தார். 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இரவு, நியூயார்க்கில் தூக்கத்திலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 53.

அவர் நினைவாக ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருடைய நூற்றாண்டான 1995-இல் இந்தியத் தபால்துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பழைய ஆல்பங்களில் தேடிப் பாருங்கள்.